மூன்றரை லட்சம் வரிச்சலுகையும் பதினான்கு சவரனும்

ஜூலை மாதம் வந்துவிட்டால் எங்கள் சொந்தக்காரர்களில் பலர், சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் கொடுக்கிற ஃபார்ம் 16-ஐ எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். நான் ஆடிட்டர் இல்லை. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சம்பளக்காரர்களுக்கு ரிட்டர்ன் போட்டுக்கொடுக்க அந்த அனுபவம் போதும். 2022 ஜூலையில் அப்படி வந்தவள் என் சித்தி மகள். கணவரின் ஃபார்ம் 16, வங்கி கொடுத்த வட்டிச் சான்றிதழ், பத்திர நகல் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள். விவரங்களை எல்லாம் ஏற்றி முடிக்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்துவிட்டுக் கேட்டாள்: "அண்ணா, அந்த மூணரை லட்சம் எப்போ அக்கவுண்ட்ல ஏறும்?"

எந்த மூன்றரை லட்சம் என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. வீடு தேடிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு லோன் ஏஜென்ட் அவர்களுக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்திருந்தார். முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு ஆண்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் வரிச்சலுகை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அவர்கள் வாங்கியது ஊரப்பாக்கத்தில், கைமாறி வந்த பழைய அபார்ட்மெண்ட் ஒன்றில் இரண்டாம் மாடி வீடு. விலை 34 லட்சம். வங்கி 27 லட்சம் கொடுத்தது. மீதி 7 லட்சத்துக்குச் சீட்டு எடுத்தார்கள், பிஎஃப்-பில் கொஞ்சம் எடுத்தார்கள், அவள் மாமனார் கொஞ்சம் கொடுத்தார். அப்புறம்தான் பத்திரச் செலவு வந்து நின்றது. அன்று தமிழ்நாட்டில் முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். 34 லட்சத்துக்கு 11 சதவீதம் என்றால் 3 லட்சத்து 74 ஆயிரம். அதற்கு அவளுடைய பதினான்கு சவரன் அடகுக்குப் போனது. அரசாங்கம் மூன்றரை லட்சம் தரப்போகிறது, ரிட்டர்ன் போட்டதும் வாங்கி நகையை மீட்டுவிடலாம் என்பதுதான் இருவரும் போட்ட கணக்கு. அந்த நம்பிக்கையில் வட்டியை மட்டும் கட்டி நகையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் மெதுவாகச் சொன்னேன். மூன்றரை லட்சம் என்பது கைக்கு வரும் பணம் இல்லை. வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள விடுகிற தொகையின் உச்சவரம்பு. மாப்பிள்ளைக்கு ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை, ஆண்டுக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் சம்பளம். சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள நிலைக்கழிவு 50,000. பிஎஃப், எல்ஐசி, குழந்தையின் பள்ளிக்கட்டணம் எல்லாம் சேர்ந்து 80சி பிரிவில் கழிக்க விடுகிற ஒன்றரை லட்சத்தை நிரப்பிவிட்டன. மிச்சம் 5 லட்சத்து 20 ஆயிரம். வீட்டுக்கடன் இல்லாவிட்டால் இதற்கு அவர் கட்டியிருக்க வேண்டிய வரி, வரியின் மேல் போடுகிற செஸ்ஸோடு சேர்த்து 17,160 ரூபாய். வட்டியைக் கழித்ததும் வருமானம் 5 லட்சத்துக்குக் கீழே போய்விட்டது, 87ஏ தள்ளுபடியில் வரி பூஜ்யமாகிவிட்டது. ஆக அந்த ஆண்டு வீட்டுக்கடனால் இந்தக் குடும்பத்துக்கு வரியில் மிஞ்சியது 17,160. முதல் வீட்டுக்கென்றே கொண்டுவந்த 80ஈஈஏ பிரிவால் மிஞ்சியது ஒன்றுமே இல்லை.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கோபமும் இல்லாமல் அழுகையும் இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாள் என்கிற மாதிரி கேட்டாள்: "அப்போ அது யாருக்குத்தாண்ணா?"

அதற்கு நான் அன்று சரியான பதில் சொல்லவில்லை. "பெரிய சம்பளக்காரங்களுக்கு" என்று பொத்தாம்பொதுவாக ஏதோ சொல்லி அனுப்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பெரிய சம்பளக்காரர்கள் 45 லட்சத்துக்குள் அடங்குகிற வீட்டையா தேடிக்கொண்டிருக்கிறார்கள்?

ஏழு லட்சம் வந்த வழி

80ஈஈஏ-யை அறிவித்தது 2019 ஜூலை 5 அன்று தாக்கலான பட்ஜெட். முத்திரைக் கட்டணத்துக்கான மதிப்பு 45 லட்சத்துக்கு மேல் போகாத வீடு. கடன் ஒப்புதலான தேதியில் வாங்குகிறவர் பெயரில் வேறு வீடு இருக்கக் கூடாது. இந்த இரண்டும் பொருந்தினால், வீட்டுக்கடன் வட்டியைக் கழிக்க விடுகிற 24(பி) பிரிவின் 2 லட்சத்துக்கு மேல் கட்டுகிற வட்டியில் இன்னும் ஒன்றரை லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம். 15 ஆண்டுக் கடன் காலத்தில் நடுத்தர வர்க்கத்து வீடு வாங்குவோருக்கு இதனால் சுமார் 7 லட்சம் ரூபாய் பயன் கிடைக்கும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தம் உரையில் சொன்னார். அந்த 7 லட்சம் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு லோன் ஏஜென்ட்களின் நோட்டீஸுக்கு இறங்கியது.

என் தங்கை கேட்டுவிட்டுப் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த 7 லட்சத்தை எக்செலில் போட்டுப்பார்த்தேன். அது கிடைக்க எனக்குத் தெரிந்து ஒரே வழிதான் இருக்கிறது. ஒன்றரை லட்சத்துக்கு 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் போட்டால் 46,800. அதை 15-ஆல் பெருக்கினால் 7 லட்சத்து 2 ஆயிரம். அதாவது வாங்குகிறவர் 15 வருஷமும் மேல் அடுக்கில் வரி கட்டுகிறவராக இருக்க வேண்டும். 15 வருஷமும் அவர் கட்டுகிற வட்டி மூன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வீட்டுக்கடன் வாங்கிய யாருக்கும் இரண்டாவது நிபந்தனையின் கோளாறு உடனே தெரியும். வட்டி வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டே வருவதுதான் இஎம்ஐ-யின் அமைப்பு.

சரி, 45 லட்சம் என்ற உச்சவரம்பையே எடுத்துக்கொள்வோம், விலையும் அதுதான் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்தைத் தாண்டுகிற கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனவே கடன் அதிகபட்சம் 36 லட்சம். அந்த பட்ஜெட் வந்த நேரத்தில் வீட்டுக்கடன் வட்டி எட்டரை சதவீதத்தை ஒட்டி இருந்தது. 15 ஆண்டுக் கடனில் முதல் வருஷ வட்டி சுமார் 3 லட்சத்து ஓராயிரம். முதல் வருஷமே மூன்றரை லட்சத்தைத் தொடவில்லை. இரண்டாம் வருஷம் 2 லட்சத்து 90 ஆயிரம். எட்டாம் வருஷம் 2 லட்சத்தில் வந்து நிற்கிறது. ஒன்பதாம் வருஷத்திலிருந்து 24(பி) ஒன்றே எல்லா வட்டிக்கும் போதும். 80ஈஈஏ-க்கு அங்கே வேலையே இல்லை. கடைசி வருஷம் கட்டுகிற வட்டி ஏறக்குறைய 19,000 ரூபாய். எட்டு வருஷத்தில் 2 லட்சத்துக்கு மேலே வழிந்த வட்டியை எல்லாம் கூட்டினால் 4 லட்சத்து 42 ஆயிரம் வருகிறது. மேல் அடுக்கில் இருப்பவருக்கு இதனால் மிஞ்சும் வரி 1 லட்சத்து 38 ஆயிரம். 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 92 ஆயிரம்.

7 லட்சம் எங்கே, 1 லட்சத்து 38 ஆயிரம் எங்கே. அந்த எண்ணைப் பார்த்து நான் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்காவது தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று வட்டி அட்டவணையை மறுபடி முதலிலிருந்து போட்டேன், அதேதான் வந்தது. 20 ஆண்டுக் கடனாக எடுத்தால் கொஞ்சம் கூடும். முத்திரைக் கட்டணத்துக்காக அரசு வைக்கிற வழிகாட்டி மதிப்பு சந்தை விலையைவிட நன்றாகத் தாழ்ந்து கிடக்கிற இடங்களில், விலை அறுபது லட்சமாக இருந்தும் மதிப்பு 45-க்குள் அடங்கி, கடனும் பெரிதாகி, இன்னும் கூடலாம். ஆனால் அப்படிப்பட்ட வீட்டை வாங்கி, அந்த இஎம்ஐ-யைக் கட்டி, அதற்கு மேலும் 30 சதவீதம் வரி கட்டுகிறவருக்குத்தான் அதுவும். அவருக்கு முதல் வீடு வாங்குவது கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்திரச் செலவுக்கு மனைவியின் நகையை வைக்க வேண்டிய நிலையில் அவர் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்த்தேன். 5 லட்சம் வரை வரிக்குரிய வருமானம் உள்ளவர்களுக்கு வரியே இல்லை என்ற தள்ளுபடியும் அதே 2019-இல்தான், அந்த வருஷ இடைக்கால பட்ஜெட்டில் வந்தது. அந்த 5 லட்சத்தோடு நிலைக்கழிவு அரை லட்சம், 80சி ஒன்றரை லட்சம், 24(பி) 2 லட்சம் சேர்த்தால் 9 லட்சம். இந்தக் கழிவுகளை முழுதாக எடுத்துக்கொள்கிற ஒரு சம்பளக்காரர் ஆண்டுக்கு 9 லட்சம் வரை வாங்கினாலும் 80ஈஈஏ வருவதற்கு முன்பே அவருக்கு வரி கிடையாது. இல்லாத வரியில் எதைக் குறைப்பது? மாதம் 75,000 ரூபாய் சம்பளத்துக்குக் கீழே இருக்கிற அத்தனை பேருக்கும் முதல் வீட்டுச் சலுகை என்று வந்தது வெறும் காகிதம். 9 லட்சத்துக்கு மேலே போனால், 36 லட்சம் கடனுக்கு வழிகிற வட்டி ஒரு லட்சம்தான். மேலே தொடங்கினாலும் கீழே தொடங்கினாலும் சலுகை நடுவில் ஒரு சின்ன இடுக்கில் போய் முடிகிறது. என் தங்கையின் கேள்விக்கு இதுதான் பதில். 45 லட்சத்து வீட்டை வாங்குகிறவருக்கு அந்த வரி இல்லை, அந்த வரி கட்டுகிறவர் 45 லட்சத்து வீட்டில் பெரும்பாலும் இல்லை.

தங்கையின் கடன் வேறு 2021 ஜனவரியில், வட்டி 7 சதவீதத்துக்கு இறங்கியிருந்தபோது ஒப்புதலானது. ஆண்டு வட்டி 1 லட்சத்து 86 ஆயிரம். 2 லட்சத்தையே எட்டவில்லை. பின்னால் 2022 மே மாதத்திலிருந்து ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற ரெப்போ விகிதம் 4-லிருந்து ஆறரைக்கு ஏறி, அவர்கள் கடனும் ஒன்பது சதவீதத்தைத் தாண்டியபோது வட்டி 2 லட்சத்துக்கு மேல் போனது. அப்போதும் வரி இல்லாதவருக்கு வரிச்சலுகையால் ஆனது ஒன்றுமில்லை. வட்டி ஏறியது மட்டும்தான் மிச்சம்.

ஒரு தேதிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

சலுகையின் அளவைவிட எனக்கு உறுத்துகிற விஷயம் அது வந்து வந்து போன விதம். முதலில் 80ஈஈ என்று ஒன்று வந்தது. 2013 ஏப்ரல் முதல் 2014 மார்ச் வரை ஒப்புதலான கடன்களுக்கு 1 லட்சம் கழிவு. பிறகு இரண்டு ஆண்டு எதுவும் இல்லை. 2016 ஏப்ரல் முதல் 2017 மார்ச் வரை ஒப்புதலான கடன்களுக்கு ஆண்டுக்கு 50,000. மறுபடி இரண்டு ஆண்டு இல்லை. 2019 ஏப்ரலில் 80ஈஈஏ தொடங்கியது. முதலில் ஓராண்டுக்கு என்றார்கள், அப்புறம் இரண்டு முறை நீட்டித்தார்கள், 2022 மார்ச் 31-உடன் முடிந்தது. வீடு வாங்கிய தேதி கணக்கில்லை, குடிபோன தேதி கணக்கில்லை, வங்கி கடனுக்கு ஒப்புதல் கொடுத்த கடிதத்தின் தேதிதான் கணக்கு.

ஒரு குடும்பம் முதல் வீடு வாங்குவதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் தயாராகிறது. பிள்ளையின் பள்ளி, மாமியாரின் உடல்நிலை, சீட்டு முடியும் மாதம், ஊரில் இருக்கிற கால் ஏக்கரை விற்க அண்ணன் தம்பிகள் ஒத்துக்கொள்ளும் நாள் என்று எத்தனையோ சேர்ந்து வந்தால்தான் அது நடக்கும். அந்த நாள் 2018-இல் வந்தவருக்கு ஒன்றுமில்லை, 2019 மே மாதத்தில் வந்தவருக்கு உண்டு. இதை ஊக்கம் என்று எப்படிச் சொல்வது? தேதி நெருங்க நெருங்க "மார்ச்சுக்குள்ள சாங்ஷன் வாங்கிடுங்க சார்" என்று ஏஜென்ட்கள் அவசரப்படுத்தினார்கள். வில்லங்கச் சான்றை நிதானமாகப் பார்க்க வேண்டிய நேரத்தில், தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்துக் கேட்க வேண்டிய நேரத்தில், ஒரு சிலருக்காவது அந்தத் தேதிதான் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

இந்த அவசரத்தின் விளைவை அமெரிக்கா பெரிய அளவில் பார்த்தது. வீட்டுச் சந்தை சரிந்திருந்த 2008-இல் அங்கே முதல் வீடு வாங்குவோருக்கு 7,500 டாலர் வரை வரிக்கடன், அதாவது வருமானத்திலிருந்து இல்லாமல் வரியிலிருந்தே கழிக்கிற தொகை, கொடுத்தார்கள். அதை 15 ஆண்டுகளில் திருப்பிக் கட்ட வேண்டும். 2009-இல் அதை 8,000 டாலராக்கி, மூன்று ஆண்டு அந்த வீட்டில் குடியிருந்தால் திருப்பித் தர வேண்டாம் என்று மாற்றினார்கள். 2010 ஏப்ரல் 30-க்குள் ஒப்பந்தம் போட வேண்டும் என்று கடைசித் தேதி வைத்தார்கள். தேதி வரைக்கும் விற்பனை ஏறியது. ஜூலையில் பழைய வீடுகளின் விற்பனை ஜூன் மாதத்தைவிட 27 சதவீதம் விழுந்தது. பின்னால் வாங்க இருந்தவர்களில் பலரை முன்னால் இழுத்து வந்ததுதான் நடந்தது. ஆனாலும் அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. கட்ட வேண்டிய வரி 8,000 டாலருக்குக் குறைவாக இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும், மிச்சத்தைக் காசோலையாகக் கொடுத்தார்கள். என் தங்கை எதிர்பார்த்தது அப்படிப்பட்ட ஒன்றைத்தான். அவள் எதிர்பார்த்ததில் அறியாமை ஒன்றும் இல்லை. சலுகை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள்.

பணம் தேவைப்படுகிற நாள்

அவர்களுக்கு அரசிடமிருந்து பணமே வரவில்லை என்று சொல்ல முடியாது. பிரதமர் ஆவாஸ் யோஜனாவின் கடன் சார்ந்த வட்டி மானியம் வந்தது. மாப்பிள்ளையின் சம்பளத்தோடு தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கும் அவளுடைய சம்பளத்தையும் சேர்த்தால் குடும்ப வருமானம் 6 லட்சத்துக்கு மேல், 12 லட்சத்துக்குள். அந்தப் பிரிவுக்கு 9 லட்சம் வரையிலான கடனில் 4 சதவீத வட்டி மானியத்தை மொத்தமாகக் கணக்கிட்டு, 2 லட்சத்து 35 ஆயிரத்தைக் கடன் கணக்கிலேயே வரவு வைத்தார்கள். அதற்கும் முதல் வீடு என்ற நிபந்தனை உண்டு: குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது. ஆதாரை வைத்துப் பார்த்தார்கள். வந்து சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, ஆனால் வந்தது. இஎம்ஐ மாதம் 1,800 ரூபாய் அளவுக்குக் குறைந்தது. வரி கட்டுகிறாயா, எந்த அடுக்கில் இருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

வரிச்சலுகையையும் மானியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மானியம் எவ்வளவோ நேர்மையானது என்பேன். சம்பளம் குறையக் குறைய அதில் உதவி கூடியது. 6 லட்சத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு ஆறரை சதவீத மானியம், 2 லட்சத்து 67 ஆயிரம் வரை. வரிச்சலுகை இதற்கு நேர் தலைகீழ். நடுத்தரப் பிரிவுகளுக்கான மானியம் 2021 மார்ச்சிலும் மற்றவர்களுக்கு 2022 மார்ச்சிலும் முடிந்தது. 2024 செப்டம்பரில் வந்த இரண்டாவது திட்டத்தில் குடும்ப வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம். அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம், ஐந்து ஆண்டுத் தவணையாக.

ஆனால் அந்த மானியமும் பதினான்கு சவரனை மீட்கவில்லை. ஏனென்றால் அதுவும் கடனுக்குள் போகிற பணம். முதல் வீடு வாங்குகிற குடும்பத்தை உலுக்கி எடுப்பது இஎம்ஐ இல்லை. வாடகை கட்டிப் பழகிய குடும்பம், அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டிவிடும். உலுக்குவது பத்திரம் பதிகிற வாரம். வங்கி தராத இருபது சதவீதம், பத்திரச் செலவு, புரோக்கர் கமிஷன், வக்கீல், வங்கியின் பிராசஸிங் கட்டணம் எல்லாம் அந்த ஒரு வாரத்தில் ரொக்கமாக வேண்டும். முத்திரைக் கட்டணத்தையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டின் மதிப்போடு சேர்த்துக் கடன் கொடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் கொடுப்பதில்லை. 10 லட்சம் வரையிலான வீடுகளுக்கு மட்டும் விலக்கு. ஆகவே அது முழுக்கக் கைப்பணம். கட்டிய பத்திரச் செலவை 80சி-யில் காட்டலாம் என்று சட்டம் சொல்கிறது. பிஎஃப்-பும் எல்ஐசி-யும் ஏற்கெனவே நிரப்பிவைத்த அந்த ஒன்றரை லட்சத்துக்குள் அதற்கு ஏது இடம்?

45 லட்சம் வீட்டுக் கணக்கில் அந்த வாரத்தை வைத்துப்பார்த்தேன். அன்றைய விகிதத்தில் பத்திரச் செலவு மட்டும் 4 லட்சத்து 95 ஆயிரம். அதை ஒரே நாளில் மாநில அரசிடம் கட்ட வேண்டும். மத்திய அரசு எட்டு வருஷத்தில் சிறுகச் சிறுகத் திருப்பித் தருவது, அதுவும் மேல் அடுக்குக்காரருக்கு, 1 லட்சத்து 38 ஆயிரம். வாங்குகிற கை வேறு, கொடுக்கிற கை வேறு என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பணம் கட்டுகிறவருக்கு இரண்டும் அரசாங்கம்தான். நீந்தத் தெரியாதவர் இக்கரையில் நின்றுகொண்டிருக்க, அக்கரை சேர்ந்தவருக்குப் படகு அனுப்புகிற வேலையைத்தான் முதல் வீட்டு வரிச்சலுகை செய்துகொண்டிருந்தது. அமெரிக்காவில்கூட இதை யாரோ கவனித்திருக்கிறார்கள். வீடு வாங்கிய பிறகு வருகிற 8,000 டாலரை முன்கூட்டியே பெற்று வாங்கும் செலவுக்குப் பயன்படுத்திக்கொள்ள, எஃப்எச்ஏ என்ற அரசு அமைப்பு காப்பீடு செய்கிற வீட்டுக்கடன்களைக் கொடுப்பவர்களுக்கு 2009 மே மாதத்தில் அனுமதி கொடுத்தார்கள். இங்கிலாந்தில் இன்னும் நேராகப் போனார்கள். 2017 நவம்பரிலிருந்து முதல் வீடு வாங்குகிறவருக்கு முத்திரை வரியிலேயே சலுகை. இப்போது 3 லட்சம் பவுண்ட் வரை அந்த வரியே கிடையாது. பத்திரம் பதிகிற அன்றே பணம் கையில் நிற்கிறது.

இப்போது என்ன மிச்சம்

புதிய வரிமுறை 2023-24-லிருந்து இயல்பான முறையாகிவிட்டது. அதில் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு இல்லை, 80சி இல்லை. 2025-26 முதல் அந்த முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை. சம்பளக்காரருக்கு நிலைக்கழிவையும் சேர்த்தால் 12 லட்சத்து 75 ஆயிரம். வீட்டுக்கடனுக்கு இருந்த சலுகையை எடுத்துவிட்டார்களே என்று என்னிடம் வருகிறவர்கள் குறைபட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. வீடு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கையில் பணம் நிற்பது நல்லதுதான். வாடகை வீட்டில் இருக்கிறவரும் சம்பாதிக்கிறவர்தானே. என் மாப்பிள்ளையைப் போன்றவருக்கு அந்தச் சலுகை இருந்ததற்கும் போனதற்கும் வருஷத்துக்கு 17,160 ரூபாய்தான் வித்தியாசம், அதுவும் புதிய முறையில் தானாகவே கிடைத்துவிடுகிறது. போனது போகட்டும்.

எனக்கு வேண்டியது வேறு: முதல் வீடு வாங்குகிறவருக்குப் பத்திரச் செலவிலேயே ஒரு குறைவு. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு பதிவுக் கட்டணத்தை 4-லிருந்து 2 சதவீதமாகக் குறைத்தது. கூடவே 2017-இல் 33 சதவீதம் குறைத்திருந்த வழிகாட்டி மதிப்பைப் பழைய நிலைக்கே ஏற்றியது. அதே ஆண்டு டிசம்பரிலிருந்து புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளின் முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை முத்திரைக் கட்டணம் 4, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 6 சதவீதம். கைமாறி வருகிற பழைய வீட்டுக்கு 7-உம் 2-உம் சேர்ந்து 9 சதவீதம். இதில் எனக்கு மனசு ஆறவே இல்லை. பில்டரிடம் புது வீடு வாங்கப் பணம் இல்லாதவர்தான் பழைய வீட்டுக்குப் போகிறார். ஊரப்பாக்கத்திலும் கூடுவாஞ்சேரியிலும் பதினைந்து இருபது வருஷத்துக் கட்டடங்களில் ஏறி இறங்கிப் பார்க்கிறவர்களில் எத்தனையோ பேர் முதல் வீட்டுக்காரர்கள். அவர்கள் கட்டுவது 9, புது வீட்டுக்காரர் கட்டுவது 6. 2025 ஏப்ரலிலிருந்து பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று ஒரு நல்ல சலுகை வந்தது. ஆனால் அது 10 லட்சத்துக்குட்பட்ட சொத்துக்குத்தான். தாம்பரத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 10 லட்சத்துக்கு ஒரு குடும்பம் குடியிருக்கக்கூடிய வீட்டை நான் பார்த்ததில்லை.

முதல் வீடு என்று எப்படி நிரூபிப்பது, ஏமாற்ற மாட்டார்களா என்று கேட்பார்கள். வட்டி மானியத்தில் இதே நிபந்தனையைத்தான் வைத்தார்கள், இதே ஆதாரை வைத்துத்தான் பார்த்தார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஏற்கெனவே விரல்ரேகை வைக்கிறோம். பொய் உறுதிமொழி கொடுத்தவரிடம் பின்னால் அபராதத்தோடு வசூலிக்கவும் வழி இருக்கிறது. கட்டணம் குறைந்தால் விற்கிறவர் விலையை ஏற்றிவிடுவார் என்பது இதைவிட வலுவான ஆட்சேபம், அதில் உண்மை இருக்கிறது. வாங்குகிற எல்லோருக்கும் குறைத்தால் அப்படித்தான் ஆகும். ஒரே வீட்டுக்கு முதலீட்டுக்காக வாங்குகிறவரும் குடியிருக்க வாங்குகிறவரும் போட்டி போடும்போது, குடியிருக்க வருகிறவருக்கு மட்டும் மூன்று சதவீதம் குறைவு என்றால், அந்தக் குறைவு முழுவதும் விற்கிறவரிடம் போய்விடாது என்று நினைக்கிறேன். கொஞ்சம் போகும். போனாலும் பரவாயில்லை.

பதிவுத்துறையின் வருமானம் மாநிலத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பது தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன். முழு விலக்குக் கேட்கவில்லை. 50 லட்சத்துக்குட்பட்ட பழைய வீட்டை முதல் வீடாக வாங்குகிறவருக்கும், புது வீட்டுக்குக் கொடுக்கிற அதே 6 சதவீதத்தைக் கொடுக்கலாம். 34 லட்சத்து வீட்டுக்கு அதனால் மிஞ்சுவது 1 லட்சத்து 2 ஆயிரம் ரூபாய், பதிகிற அன்றே. அதற்கு ஃபார்ம் 16 வேண்டாம், வரி அடுக்கு வேண்டாம், ஜூலை மாதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். டீக்கடைக்காரரும் தையல்காரரும் ஆட்டோ ஓட்டுகிறவரும் வருமான வரி இணையதளத்தின் பக்கமே போகாமல் அதைப் பெற முடியும்.

இப்போதும் என்னிடம் வீடு வாங்கப்போவதாகச் சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது வரியைப் பற்றி அல்ல. பத்திரச் செலவுக்குக் கையில் எவ்வளவு இருக்கிறது என்றுதான். யாராவது ஏஜென்ட் ஒரு தொகையைச் சலுகை என்று சொன்னால், அது வருமானத்திலிருந்து கழிகிறதா, வரியிலிருந்து கழிகிறதா, கடன் கணக்கில் வரவாகிறதா என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். எழுதித் தர மாட்டேன் என்றால் அந்தத் தொகையை உங்கள் கணக்கிலிருந்து அடித்துவிட்டு, மிச்சத்தை வைத்து வீடு பாருங்கள்.